லீக் எனக்கு, கப் அண்ணைக்கு

பிஸ்கட் பெட்டியின் அட்டையை வெட்டி, அதன் வெறும் பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, மூன்று நிறப் பேனையால் பெயர்களை எழுதுவார் எங்கள் புட்போல் கோச். நீலம் என்றால் லீக். சிவப்பு என்றால் நொக்கவுட் கப். பச்சை என்றால் கம்பனிகளுக்கு இடையிலான போட்டி. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் தாங்கள் வேலை செய்யும் இடத்துக்காக அதில் ஆடியே ஆகவேண்டும். கொட்டாஞ்சேனையில் எங்கள் கிளப் அறைக் கதவின் பின்பக்கம், உடுப்பு மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் அந்த அட்டை தொங்கும். பிராக்டிஸுக்கு வருகிற எவனும் முதலில் சேர்ட்டைக் கழற்றமாட்டான். கதவைச் சாத்திவிட்டு அட்டையைத்தான் பார்ப்பான். தன் பெயர் எந்த நிறத்தில் இருக்கிறது, யாருடைய பெயர் தனக்கு மேலே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, சிலர் சிரிப்பார்கள், சிலர் முணுமுணுப்பார்கள். நான் முணுமுணுக்கிற வகை. நாலைந்து வருடங்களுக்கு முந்திய அந்த சீசன் முழுவதும் நான் அந்தக் கதவைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

கோச் மாளிகாவத்தை பிளட்ஸ் தொடர்மாடியில் இருந்தவர். புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் மனேஜர். அந்தக் காலத்தில் நல்ல ஹாப்-பெக் என்று சொல்வார்கள். நான் பார்த்தபோது வயிறு விழுந்து, விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நடப்பவராக இருந்தார். முஸ்லிம் பையன்கள் அண்ணன் என்ற பொருளில் நானா என்று கூப்பிட, பார்த்திருந்த கத்தோலிக்கப் பையன்களும் நானா என்றார்கள், நாங்களும் நானா என்றோம். அவர் கையில் இருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். ஞாயிறு லீக், நடுக்கிழமையில் கப், இடையில் கம்பனி மெட்ச் என்று மூன்று பக்கமும் இழுபடுகிற இருபத்திரண்டு பேர். புறக்கோட்டைக் கடையில் நிற்பவன் புதன்கிழமை வரமாட்டான். சென்ற வியாழன் கம்பனிக்காக ஓடியவனின் கால் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. கொட்டாஞ்சேனைத் தேவாலயத் திருவிழா என்றால் ஐந்து பேர் இல்லை. இவ்வளவையும் அந்த அட்டையில் ஏற்றி இறக்கி, ஒருவனும் மூன்று நாளுக்குள் இரண்டு மெட்ச் ஆடாதபடி பார்த்துக்கொள்வார். யாராவது, "நானா, என்னை ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று போய் நின்றால் ஒரே பதில்தான். "ஆள் ஈக்குது தானே மவன். பதினொரு பேர வெச்சி ஒரு கப் அடிக்கலாம். மூணுக்கு ஓடணுமெண்டா எல்லாரும் வேணும்."

இன்னொரு சட்டமும் அவரிடம் இருந்தது. நோன்பு பிடித்தவனை மெட்ச்சில் இறக்கமாட்டார். முன்னொரு ரமழானில் எங்கள் விங்கர் ஒருவன் நோன்போடு ஓடி, இரண்டாம் பாதியில் கோர்னர் கொடிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டி வந்ததாம். அதற்குப் பிறகு அந்த மாதத்தில் அட்டை தலைகீழாக மாறிவிடும். நோன்பு இல்லாதவர்களெல்லாம் சேர்ந்து பின்னேர மெட்ச்சுகளை இழுத்துச் செல்வோம். நானா தானும் நோன்போடு நின்று, தொண்டை வரள எங்களைத் திட்டுவார். பையன்கள் கெஞ்சுவார்கள், தங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சத்தியம் பண்ணுவார்கள். அவர் அசையமாட்டார். சும்மா சொல்லக்கூடாது, அந்த விஷயத்தில் அவர் யாருக்கும் முகம் பார்த்ததில்லை.

கீப்பரை மாற்றுவது மட்டும் மற்ற மாற்றங்களைப் போல் இல்லை. முன்னால் ஆடுகிறவனை அரை மணித்தியாலத்துக்கு இறக்கலாம், ஏற்றலாம். கீப்பர் என்றால் ஒருவன் நிற்பான், மற்றவன் கோட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். அந்த வாங்கில் ஆறு வருடமாக இருந்தவர்தான் அண்ணை. கொட்டாஞ்சேனையிலேயே ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. முப்பத்தேழு வயது, நீளக் கை, அதிகம் கதைக்கமாட்டார். நான் வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிறவன், பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதி ஒபீஸில் வேலை, முப்பத்தொரு வயது, முதல் கீப்பர். அந்த சீசன் தொடக்கத்தில் நானா எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். "லீக் ஒனக்கு," என்று என்னைக் காட்டினார். "கப் இவனுக்கு. கடேசி மெட்ச் வரைக்கும் அப்புடித்தான். பொறகு எங்கிட்ட வந்து ஒண்டும் கேக்கப்படாது." நான் பெரிய மனது பண்ணித் தலையாட்டினேன். கப்பில் நாங்கள் இரண்டாவது சுற்றைத் தாண்டியதே இல்லை என்பது எனக்குத் தெரியும். மனதுக்குள் போட்ட கணக்கு அதுதான்.

கணக்குப் பிழைத்தது. அண்ணை முதல் மெட்ச்சில் கோல் விடவில்லை. இரண்டாவதிலும் விடவில்லை. மூன்றாவதில் ஒன்று விட்டார், ஆனால் எங்கள் ஆட்கள் மூன்று அடித்தார்கள். நான் வாங்கில் இருந்து கைதட்டினேன். செமி பைனலில் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்களுக்குப் பெனல்டி கிடைத்தது. இதை இவ்வளவு காலமும் ஒருவருக்கும் சொன்னதில்லை: அந்தப் பந்து உள்ளே போகவேண்டும் என்று நான் நினைத்தேன். ஒரு கணம்தான். ஆனால் நினைத்தேன். அண்ணை வலப்பக்கம் விழுந்து, அந்த நீளக் கையால் பந்தைக் கம்பத்துக்கு வெளியே தட்டிவிட்டார். மெட்ச் முடிந்ததும் முதலில் ஓடிப்போய் அவரைக் கட்டிப் பிடித்தவனும் நான்தான். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "தம்பி, நீ பிராக்டிஸில அடிச்ச பந்துதான்டாப்பா," என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு லீக்கின் கடைசி மெட்ச். சமநிலை எடுத்தாலே போதும், லீக் எங்களுக்கு. சும்மா உயர்ந்து வந்த ஒரு கோர்னர் பந்துக்கு நான் ஏன் வெளியே வந்தேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. பந்து கையில் பட்டு வழுக்கி, நின்றவனின் காலில் விழுந்தது. ஒன்றுக்குப் பூச்சியம், தோற்றோம். அறையில் எல்லாரும் பூட்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை. கம்பனிப் போட்டியில் எங்கள் ஆட்கள் வேறு வேறு கம்பனிக்கு ஆடுகிறவர்கள் என்பதால், அந்தக் கிண்ணம் எங்கள் கிளப் அலுமாரிக்கு வரப்போவதில்லை. ஆக, கிளப்புக்கு மிஞ்சியது கப் பைனல் ஒன்றுதான்.

பைனல் என்றால் முதல் கீப்பரைத்தான் போடுவார்கள், எங்கேயும் வழமை அப்படித்தான் என்று கமிட்டியில் இரண்டு பேர் நானாவிடம் போய்க் கதைத்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. நானா அவர்களிடம், "அட்டையில எழுதினது எழுதினதுதான்," என்று சொன்னதையும் கேள்விப்பட்டேன். ஆனால் அதற்குள் நான் ஒரு விசர் வேலை பார்த்துவிட்டேன். ஒபீஸில் சாப்பாட்டு நேரத்தில், பைனலில் நான்தான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவுமில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவர்கள் சந்தோஷப்பட்டு, வாடகைக்கு வான் ஒன்று பேசி, பதினைந்து பேர் வருவதென்று முடிவெடுத்தார்கள். என் மேலதிகாரியம்மா தன் மகனையும் கூட்டிவரப்போவதாகச் சொன்னார். அன்றைக்கே உண்மையைச் சொல்லிச் சிரித்திருக்கலாம். மானம் விடவில்லை.

பைனலுக்குக் குறித்த சனிக்கிழமை விடியவிடிய மழை. ஐப்பசி மழை கொழும்பில் எப்படிப் பெய்யும் என்று சொல்லத் தேவையில்லை. கிரவுண்டில் முழங்கால் அளவு தண்ணீர். மெட்ச்சை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். எனக்கு ஒரு கிழமை கிடைத்தது என்று ஆறுதலாக இருந்தது. அந்தக் கிழமை கந்தசஷ்டி என்பது என் மூளையில் ஏறவேயில்லை. எங்கள் வீட்டில் அம்மா விரதம் பிடிப்பார், நான் ஏழாம் நாள் விரதம் முடிக்கிற பாறணைச் சாப்பாட்டுக்கு மட்டும் ஆயத்தமாக நிற்பவன். ரமழானுக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் அட்டையில் இடம் விட்ட நானாவுக்கும் அப்படி ஒன்று இருப்பது தெரியாது. அந்த டீமில் சஷ்டி பிடிக்கக்கூடிய ஆள் அண்ணை ஒருவர்தான், அவரும் தன்னைப் பற்றி எதையும் வாய் திறந்து சொல்லாத ஆள்.

வியாழக்கிழமை பிராக்டிஸ் முடிந்து பைப்படியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் முகத்தைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒரு விசயம். நான் கந்தசட்டி பிடிக்கிறன். இண்டைக்கு மூண்டாம் நாள்." நான் விளங்காமல் பார்த்தேன். "போன வருசம் மனிசிக்கு டெங்கு வந்ததெல்லோ. இரத்தத் தட்டணுவெல்லாம் இறங்கி, டொக்டர் கையை விரிச்சிட்டார். அண்டைக்கு நேர்ந்தனான், மூண்டு வருசம் ஆறு நாளும் இருப்பன் எண்டு. இது ரெண்டாவது." என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். பகலில் தண்ணீர், இரவில் ஒரு தம்ளர் பால் என்றார். "மெட்ச் அஞ்சாம் நாளில வருமெண்டு ஆர் கண்டது? எனக்கு ஏலும். ஆனா ஒருவேளை ஏலாமப் போனா நீ ரெடியா நிக்கவேணும், அதுதான் உன்னட்டச் சொல்லுறன். ஆரிட்டயும் கதைக்காத, என்ன?" நான், "ஓம் அண்ணை, நீங்கள் யோசிக்காதேங்கோ," என்றேன். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்ததெல்லாம் அவருடைய உடம்பைப் பற்றித்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மயங்கி விழுந்த விங்கரை நினைத்தேன். யாரோ ஒருவனின் முழங்கால் அண்ணையின் தலையில் படுவதை நினைத்தேன். வானில் வரப்போகும் பதினைந்து பேரை நினைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒபீஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு நானாவுக்குப் போன் எடுத்தேன். குரலில் கவலையை வரவழைத்துக்கொண்டு, "நானா, அண்ணை நாலு நாளா விரதம். தண்ணியும் பாலும்தான். உங்களுக்குச் சொல்லாம இருந்து ஆளுக்கு ஏதும் நடந்தா பிறகு சரிவராது, அதுதான்," என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. கடையில் யாரோ இரும்புக் கம்பிகளை இறக்குகிற ஓசை மட்டும் கேட்டது. பிறகு நானா, "ஒனக்கு வெளயாட வேணுமா மவன்?" என்று கேட்டார். "சீச்சீ, இல்லை நானா. நான் அண்ணைக்காகத்தான் சொல்லுறன்." "சரி," என்றார். போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை அறையில் நானா கீப்பர் ஜேர்சியை என் மடியில் போட்டார். நான் ஆச்சரியப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "என்ன நானா, கப் அண்ணைக்கெல்லோ?" என்று வேறு கேட்டேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. நானா விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அண்ணை கையில் பாதி மாட்டியிருந்த கிளவுஸைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு, "வா, சூடாக்குவம்," என்றார். இருபது நிமிடம் எனக்குப் பந்து அடித்தார். ஈரத் தரையில் இடப்பக்கம் தாழ வருகிற பந்துக்கு நான் பிந்துவேன் என்பது அவருக்குத் தெரியும். அதையே திரும்பத் திரும்ப அடித்தார். ஐந்து நாள் பட்டினி வயிற்றோடு, அந்தப் பின்னேர வெயிலில். நடுவில் ஒரு தடவை இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றார். பிறகு மீண்டும் இடப்பக்கமே அடித்தார்.

மெட்ச்சைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டுக்குப் பூச்சியம், கப் எங்களுக்கு. தொண்ணூறு நிமிடத்தில் கோலுக்கென்று என்னிடம் வந்த பந்துகள் ஐந்து. ஐந்தும் நெஞ்சுக்கு நேரே வந்தவை. அந்த ஐந்தையும் அண்ணை பிடித்திருப்பார். விரதத்தின் ஆறாம் நாளிலும் பிடித்திருப்பார். வானில் வந்தவர்கள் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். மேலதிகாரியம்மாவின் மகன் என்னோடு நின்று படம் எடுத்தான். கப்போடு எல்லாரும் நின்று படம் எடுக்கும்போது அண்ணையைத் தேடினேன். கோயிலுக்குப் போய்விட்டார் என்றார்கள். அவருடைய மெடலை நானா கொண்டுபோய்ப் பார்மசியில் கொடுத்தாராம்.

அடுத்த சீசனுக்கு அண்ணை பெயர் பதியவில்லை. முழங்கால் சரியில்லை என்று சொல்லியனுப்பினார். நானா அட்டையில் ஒரு மூலையில் சஷ்டிக்கும் இடம் விட்டிருந்தார், ஆனால் அதில் எழுத ஆள் இருக்கவில்லை. கப் மெட்ச்சுகளையும் என்னிடமே தந்தார். இரண்டாவது சுற்றில் தோற்றோம். அதற்கு அடுத்த வருடம் நானும் ஓய்ந்துவிட்டேன். அண்ணை கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், பஸ்ஸில் ஒரு மணித்தியாலப் பாதை. ஒரு தடவைகூட நான் அந்தப் பார்மசிக்குப் போகவில்லை. அந்தப் பக்கம் போகவேண்டி வந்தபோதெல்லாம் மற்ற ஒழுங்கையால் நடந்தேன்.

போன மாதம் நானா மௌத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தது. மாளிகாவத்தை பிளட்ஸ் முழுக்கச் சனம். பழைய டீம் ஆட்கள் தாடி வைத்தும் தொப்பை வைத்தும் வந்திருந்தார்கள். நானாவை அடக்கக் கொண்டுபோன பிறகு, மூன்றாம் மாடிப் படிக்கட்டில் அண்ணை தனியாக இருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மனிசி எப்படி என்று கேட்டேன், சுகம் என்றார். நேர்த்தியை முடித்தீர்களா என்று கேட்டேன், அடுத்த வருடமே முடித்தாயிற்று என்றார். பிறகு, இத்தனை வருடமும் உள்ளே வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "அண்ணை, அண்டைக்கு நானாவுக்குப் போன் எடுத்துச் சொன்னது நான்தான். நீங்கள் விரதமெண்டு."

"தெரியும்," என்றார். "உன்னட்டயும் நானாட்டயும் மட்டும்தானே சொன்னனான்."

"நானாட்டயா?"

"ஓமடாப்பா. பைப்படியில உன்னட்டச் சொல்லிப்போட்டு நேரா அவரிட்டத்தான் போனனான். அவற்ற சட்டம் தெரியும்தானே, ஒளிச்சு விளையாட எனக்கு மனமில்லை. மனுசன் கனநேரம் யோசிச்சார். பிறகு சொன்னார், சட்டமும் நான் போட்டது, ஒனக்குக் குடுத்த வாக்கும் நான் குடுத்தது, ரெண்டுல ஒண்டு உடயத்தான் போகுது, சட்டம் உடயட்டும், நீ நில்லு எண்டு." அண்ணை நானாவின் குரலிலேயே சொன்னார். இருவரும் கொஞ்சம் சிரித்தோம்.

போனில் கேட்ட அந்த மௌனத்துக்கு இப்போதுதான் அர்த்தம் விளங்கியது. நான் சொல்வதற்கு முன்பே எல்லாம் தெரிந்த மனிதரிடம் நான் கவலைக் குரலில் கதைத்திருக்கிறேன். "அப்ப ஏன் நானா என்னைப் போட்டவர்?"

"நீ போன் எடுத்த அண்டைக்குப் பின்னேரம் அவர் பார்மசிக்கு வந்தவர். தம்பி இப்பிடிச் சொல்றான், ஆனா நான் ஒன்னத்தான் போடுவேன், ஒனக்குத் தெரிஞ்சி ஈக்கணும்னுதான் வந்தேன் எண்டார். நான்தான் சொன்னனான், தம்பியையே போடுங்கோ எண்டு."

என்னுடைய ஆசையைப் பார்த்துத் தன் இடத்தை விட்டுத் தந்திருக்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். கண் கலங்கியது. "எனக்காகவா அண்ணை?" என்று கேட்டேன்.

"உனக்காகவோ? விசர்க்கதை கதைக்காத." அவர் குரல் உயரவில்லை. "ஒரு வருசம் உன்ர முகத்தில முழிக்க விருப்பமில்லாமத்தான் கிளப்புக்கு வரேல்லை. முழங்காலுக்கு ஒண்டுமில்லை."

"அப்ப, மெட்ச்சுக்கு முதல் எனக்கு அவ்வளவு நேரம் பந்து அடிச்சது?"

"அது என்ர வேலை. ரெண்டாவது கீப்பர் வேற என்ன செய்யிறது?" படியில் கையூன்றி எழுந்தார். பார்மசியை நாலு மணிக்குத் திறக்கவேண்டும் என்றார். இரண்டு படி இறங்கிய பிறகு நின்று திரும்பினார். "நான் நிண்டிருந்தா நீ வாங்கில இருந்து, நான் எப்ப பந்தைத் தவற விடுவன் எண்டு பார்த்துக்கொண்டு இருந்திருப்பாய். பசியோட நிக்கலாம் தம்பி. அதோட நிக்க ஏலாது."

அவர் போகும்வரை நான் அந்தப் படியில்தான் இருந்தேன். இல்லை அண்ணை, அப்படிப் பார்த்திருக்கமாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவரும் அதற்காகத்தான் கொஞ்சம் நின்றார் என்று நினைக்கிறேன். எனக்கு வாய் வரவில்லை.